கிராஸ்ஓவருக்குத் தமிழ்: பிரிப்பானா, மடைமாற்றியா?

அன்பர்களே,

ஸ்பீக்கர் பெட்டிக்குள் தாழ் சுருதியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் (ஊஃபர்), உயர் சுருதியைச் சிறிய ஸ்பீக்கருக்கும் (ட்வீட்டர்) அனுப்பும் சுற்றுதான் கிராஸ்ஓவர். அதற்குத் தமிழில் ‘அதிர்வெண் பிரிப்பான்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம்மிடையே பேச்சு வந்தது. கேட்டதும் புரிகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லே புதிதாகப் பெட்டி கட்டுபவரைத் தடுமாற வைக்கும் என்று நினைக்கிறேன். பிரிப்பான் என்றதும், 2500 ஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டியதுபோல் கீழே இருப்பதெல்லாம் ஊஃபருக்கு, மேலே இருப்பதெல்லாம் ட்வீட்டருக்கு என்ற படம்தான் மனதில் விழும். எந்தக் கம்பிச்சுருளும் (காயில்) கண்டென்சரும் அப்படி வெட்டுவதில்லை.

லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகையில் இரண்டாம் படியை, அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும் உள்ளதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்கள் 8 ஓம், மாறும் இடம் 2500 ஹெர்ட்ஸ் என்றால் ஊஃபருக்குத் தொடரில் 1.02 மில்லிஹென்றி காயில், குறுக்கே 3.98 மைக்ரோஃபாரட் கண்டென்சர். ட்வீட்டருக்கு அதே இரண்டும் இடம் மாறி வரும். 2500-இல் இரண்டும் ஆளுக்குப் பாதி, அதாவது 6 டெசிபல் கீழே. 5000-க்குப் போனால் ட்வீட்டரிடம் ஐந்தில் நான்கு பங்கு, ஊஃபரிடம் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. 1250-க்கு இறங்கினால் இதே கணக்கு தலைகீழ். எங்கே கூட்டினாலும் விடை ஒன்றுதான். ட்வீட்டரின் கம்பிகளை மட்டும் மாற்றி இணைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் படியில் இரண்டின் அலைகளுக்கும் 180 பாகை வித்தியாசம், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.

இந்த வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: மடை மாற்றுவது. நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் திருப்புகிறவர் மண்வெட்டியால் ஒரு மடையை அடைக்க அடைக்க அடுத்ததைத் திறந்துகொண்டே போவார். நடுவில் ஒரு நேரம் இரண்டு பாத்திக்கும் பாதிப்பாதி ஓடும். வாய்க்காலில் வரும் நீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘மடைமாற்றி’ என்று வைக்கலாமா?

ஜெர்மன்காரர்கள் இதை ஃப்ரெக்வென்ஸ்வைஷ என்கிறார்கள். வைஷ என்றால் ரயில் தடம் மாறும் இடம். அவர்கள் தண்டவாளத்திலிருந்து சொல் எடுத்ததுபோல் நாம் வயலிலிருந்து எடுக்கலாம்.

‘குறுக்கு’ என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். உயிரியலில் குறுக்கேற்றம் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

———

> எங்கே கூட்டினாலும் விடை ஒன்றுதான்

நீங்கள் சொன்ன இது எல்லா வகைக்கும் பொருந்தாது. பட்டர்வொர்த் என்ற இன்னொரு வகையின் இரண்டாம் படியில், அதே 2500-க்கு 0.72 மில்லிஹென்றியும் 5.6 மைக்ரோஃபாரடும் போடுவோம். மாறும் இடத்தில் ஆளுக்கு 0.7, கூட்டினால் 1.4. மூன்று டெசிபல் மேடு. வாய்க்கால் நீர் அப்படிப் பெருகுமா?

இன்னும் இரண்டு தயக்கம். நாளிதழில் மடைமாற்றம் என்றால் ஒரு திட்டத்துக்கு வந்த நிதியை வேறு பக்கம் திருப்பிவிட்ட செய்தி. அடுத்து, வயலில் முதலில் ஒரு பாத்தி, பிறகு இன்னொன்று. இங்கே ஊஃபரும் ட்வீட்டரும் ஒரே நேரத்தில் பாடுகின்றன.

———

கடைசித் தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாறுவது நேரத்தில் அல்ல, சுருதி ஏற ஏற. 200 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, முகப்புப் பலகைக்கு ஒரு சாண் தள்ளிக் காதை வைத்துக் கேளுங்கள். 1500 தாண்டியதும் ஒலி ஊஃபரிலிருந்து மேலே நகரத் தொடங்கும், 4000-க்குள் ட்வீட்டருக்குப் போய்விடும். மடை மாறுவது காதுக்கே தெரியும்.

பட்டர்வொர்த் மேடு உண்மை. ஆனால் கருவி எதற்காக இருக்கிறது என்பதைச் சொல் சொன்னால் போதும். கூட்டுத்தொகை மேடாக வரும் மடைமாற்றியும் மடைமாற்றிதான். நிதிச் செய்தியில் வருவது ‘மாற்றம்’, நாம் கேட்பது ‘மாற்றி’. மின்மாற்றி இருக்கும் மொழியில் இது குழப்பாது.

சொல் நிற்குமா என்பது செய்முறை வாக்கியத்தில்தான் தெரியும். எழுதிப் பார்த்தேன்:

‘மடைமாற்றிக்கு 3.3, 0.68 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களை இணையாகச் சேர்த்தால் 3.98 கிடைக்கும். பாலிப்ரொப்பிலீன் வகை, 250 வோல்ட் எடுங்கள். காயிலை ஒரு மில்லிமீட்டர் கனக் கம்பியில், காற்று மையமாகச் சுற்றுங்கள். இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். ஒன்று படுத்தால் மற்றது நிற்கட்டும், இடையில் இடைவெளியும் விடுங்கள். இல்லையென்றால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறி, அடைத்த மடையிலும் நீர் கசியும்.

‘மேலே சொன்ன அளவுகள் 8 ஓம் மாறாது என்று வைத்துப் போட்டவை. ஊஃபரின் தடை சுருதி ஏற ஏற ஏறும், அப்போது மடை சரியாக அடைபடாது, மாறும் இடத்தை ஒட்டி ஒரு மேடு தங்கிவிடும். மீட்டரில் 6 ஓம் காட்டும், 0.8 மில்லிஹென்றி உள்ள ஊஃபர் என்றால் 7.5 ஓம் ரெசிஸ்டரையும் 15 மைக்ரோஃபாரடையும் தொடராக்கி அதன் குறுக்கே போடுங்கள். ட்வீட்டர் 5 டெசிபல் கூடுதலாகக் கத்தினால் 3.3 ஓம் தொடரில், 10 ஓம் குறுக்கே. இந்தத் தணிப்பு மடைமாற்றிக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் வர வேண்டும். மடைமாற்றிக்கு முன்னால் போட்டால் மாறும் இடமே நகர்ந்துவிடும்.’

பிரிப்பான் என்று எழுதியிருந்தால் ‘மடை அடைபடாது’, ‘கசியும்’ என்ற வினைகள் வந்திருக்கவே முடியாது. எனக்கு இதுதான் பெரிய வாதம்: சொல்லோடு வினைகளும் சேர்ந்து வருகின்றன.

———

‘மடைமாற்றி’யை ஏற்கிறேன். கிளைச்சொற்களில் ஒரு எச்சரிக்கை: உயர் சுருதியை விடும் பகுதிக்குத் தலைமடை, தாழ் சுருதியை விடும் பகுதிக்குக் கடைமடை என்று யாராவது ஆசைப்படலாம். வேண்டாம். கடைமடை என்றால் காவிரிப் பாசனத்தில் நீர் கடைசியாக எட்டும் இடம், சில நேரம் எட்டாமலே போகும் இடம். ஊஃபர் அப்படியல்ல. மேல்மடை, கீழ்மடை போதும். மாறும் இடத்துக்கு ‘மடைமாறு அதிர்வெண்’. சரிவைச் சொல்ல ஆக்டேவுக்குப் பதில் ஸ்தாயி என்ற பாட்டுக்காரர் சொல்லே இருக்கட்டும்: ஸ்தாயிக்கு 12 டெசிபல்.

ஆம்ப்ளிஃபயரில் வரும் கிராஸ்ஓவர் திரிபு வேறு. அலை சுழியைக் கடக்கும்போது ஒரு டிரான்சிஸ்டர் விட்டு மற்றது பிடிக்கும் இடத்தில் நேரும் கோளாறு அது. அதற்குச் ‘சுழிக்கடப்புத் திரிபு’. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

செய்முறையில் சோதனைப் பத்தி இல்லை. இதைச் சேர்க்கிறேன்:

‘மைக்கை ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே மாற்றி இணைத்திருக்கும் ட்வீட்டரின் கம்பிகளை வேண்டுமென்றே மறுபடி நேர்மாறாக்கி அளந்தால் 2500-இல் ஆழமான பள்ளம் விழ வேண்டும், 20 டெசிபலோ அதற்கு மேலோ. பள்ளம் ஆழமில்லை, அல்லது தள்ளி விழுகிறது என்றால் இரண்டும் ஒத்துச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம், ஊஃபரின் குரல்காயில் (கூம்பை அசைக்கும் காயில்) பலகைக்குப் பின்னால் ஆழமாக இருப்பது. 25 மில்லிமீட்டர் பின்னால் இருந்தால் 2500-இல் கிட்டத்தட்ட 65 பாகை பிந்தும், அங்கே அலைநீளமே 137 மில்லிமீட்டர்தான். பலகையைச் சற்றுப் பின்னோக்கிச் சாயுங்கள், அல்லது கீழ்மடையின் சரிவை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். பள்ளம் சரியான இடத்தில் ஆழமாக விழுந்த பிறகு கம்பிகளைப் பழையபடி இணையுங்கள்.’