கணியத்தை (கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிப்பதை) ஜிபிஎஸ் ஆக்கத் தெரிந்தவர்கள் உண்டா?

மக்களே, ஒரு உதவி. குளச்சலில் அப்பா வள்ளத்தில் போன காலத்தில், என்றைக்கு எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) என்ன மீன் பட்டது என்று எழுதிய மூன்று நோட்டு கிடைத்திருக்கிறது, பாதிப் பக்கம் உப்புத்தண்ணீரில் ஒட்டிக் கிடந்தாலும் படிக்க முடிகிறது. இதை ஓபிஸ் கடல் உயிரினத் தரவுத்தளத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி போட ஆசை. அங்கே டார்வின் கோர் என்ற பொதுவான தரவு வடிவில் தேதி, அறிவியல் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறார்கள். தேதி இருக்கிறது. அயிலை, நெய்மீனுக்கு அறிவியல் பெயரை வோர்ம்ஸ் என்ற கடல் உயிரினப் பெயர்ப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வேன், கிளாத்தியில்தான் எது எந்த இனம் என்று குழம்புகிறேன். இடம்தான் பெரிய பாடு: ‘கோயில் கோபுரத்துக்கு நேரே மலைமுனை, 18 பாகம்’ என்று கணியமாகத்தான் எழுதியிருக்கிறார் (பாகம் என்பது இரு கை விரித்த நீளம், ஆழக் கணக்கு). இதை வரைபடத்தில் குறிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், நல்ல பார்களை அப்படியே காட்டிக் கொடுத்தால் ஊரில் திட்டு விழும்; துல்லியத்தைக் குறைத்துப் போட்டவர்கள் எத்தனை கிலோமீட்டர் விட்டீர்கள்?