அப்பா அம்மா வெளிநாட்டில் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

ரெட்டைச்சுழி:
அமெரிக்காவில் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி, வந்தால்தான் சேர முடியும். நான் அமெரிக்கக் குடிமகன், கனடா குடியுரிமையும் உண்டு. அப்பா, அம்மா, தம்பி இந்தியாவில், தம்பி அரசு ஊழியர். அதற்காக நிரப்ப வேண்டிய எஸ்எஃப்-86 படிவம் மாமனார் மாமியாரைக்கூட விடவில்லை. எந்த நாட்டுக் குடிமக்கள், எங்கே வேலை, எவ்வளவு அடிக்கடி பேசுவீர்கள், போனிலா நேரிலா, அந்த நாட்டு அரசோடோ ராணுவத்தோடோ தொடர்பு உண்டா என்று துருவுகிறது. வேறு நாட்டில் பிறந்ததற்கு அபராதமா இது?

பழுப்புக்கோப்பு:
அபராதமெல்லாம் இல்லை சார். கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க மொத்தம் 13 வழிகாட்டு நெறிகள், அதில் 'பி' வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றியது. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல அங்கே பேச்சு, உங்கள் தம்பியை அங்கே யாராவது மிரட்டி உங்களிடம் காரியம் சாதிக்க முடியுமா என்பதுதான். எந்த நாடு, அந்த அரசு எப்படிப்பட்டது என்றும் பார்ப்பார்கள்.

ஊமைக்குசும்பன்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1994-ல் பிடிபட்ட சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 2001-ல் பிடிபட்ட எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சென் இரண்டு பேருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள். காசுக்காக நாட்டு ரகசியங்களை விற்றார்கள். எந்தத் தம்பியை வைத்து அவர்களை மிரட்டினார்கள்?

பழுப்புக்கோப்பு:
ஏம்ஸின் மனைவி கொலம்பியாக்காரர், அவரும் தண்டனை பெற்றார் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்களே.

ஊமைக்குசும்பன்:
சரி, ரகசியம் போனது மாஸ்கோவுக்கா கொலம்பியாவுக்கா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பழுப்புக்கோப்பு:
பணக் கஷ்டத்தைப் பார்க்கத் தனி நெறியே இருக்கிறது. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்றாகிவிடுமா?

ஊமைக்குசும்பன்:
கடனை அடைத்துவிட்டு ரசீதைக் காட்டலாம், அம்மாவை என்ன செய்வது? சந்தேகம் வந்தால் நாட்டின் பாதுகாப்புப் பக்கமே முடிவெடு என்பது விதி. கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் இல்லை என்று 1988-லேயே ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் நிராகரித்தது சரியா தவறா என்ற கேள்விக்குள் பொதுவாக நீதிமன்றம் போகாது. இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறேன் என்று காட்டினால் சலுகை உண்டாம். சொந்த வீடு, பிள்ளைகள், இருபது வருட வேலை இருப்பவர் காட்டிவிடுவார், நேற்றுக் குடியுரிமை வாங்கிய 26 வயதுப் பையன் எதைக் காட்டுவான்?

மூன்றாம்மாடி:
சண்டையில் கேட்டவரை மறந்துவிட்டீர்கள். இரட்டைக் குடியுரிமை மட்டுமே காரணமாக மறுக்க மாட்டார்கள். முன்பு, வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை ஒப்படை என்று பாதுகாப்புத் துறை கறாராக இருந்தது, 2017 ஜூனில் வந்த புது நெறிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் அமெரிக்காவுக்குள் வரும்போதும் போகும்போதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை இல்லை, ஓட்டும் கிடையாது, அதற்காக மறைத்து வைத்தால் நேர்மை பற்றிய நெறியில் போய் மாட்டுவீர்கள். தம்பி அரசு வேலை என்பதை எழுதுங்கள், எந்தத் துறை, என்ன பதவி என்பதோடு.

ரெட்டைச்சுழி:
அப்பா ஊரில் வாங்கிய வீட்டில் என் பெயரும் இருக்கிறது. அதுவுமா?

மூன்றாம்மாடி:
அதுவும்தான். வெளிநாட்டுச் சொத்துக்குத் தனிக் கேள்வி வரும், மதிப்பையும் கேட்பார்கள். பத்திரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஊமைக்குசும்பன்:
அப்பா பாசமாகப் பெயர் சேர்த்தாரே, அது பாருங்கள் இப்போது விசாரணைக் கோப்பில்!