புயலுக்கு முந்தின நாள்

1964 புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடமாக என் வாசிப்பு முழுக்கக் கடலும் காற்றும்தான்.

தகவலுக்காகப் படிப்பவை பெரும்பாலும் பழைய செய்தித்தாள்கள், ரயில்வே சம்பந்தப்பட்ட குறிப்புகள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போய்விட்டது. செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். இதையெல்லாம் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறேன்.

புயலை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் இடத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கையால் எடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியங்களின் வேகம் பிடிபட்டது. அப்புறம் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'. அது தெற்குக் கரைப் பரதவர் பேச்சு, அப்படியே எடுத்து ராமேஸ்வரத்து ஆட்கள் வாயில் வைக்க முடியாது. ஆனால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் காது அதில்தான் எனக்குப் பழகியது.

சாவுக் கணக்கைப் படித்துவிட்டுத் தூக்கம் வராத ராத்திரிகளில் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. இது முழுக்க என் சந்தோஷத்துக்கு. அதில் ரங்கு கடை வாசலில் ஊர்க்கதை முழுக்க ஓடும். ஒரு நாள் அதை மூடிவைத்துவிட்டு என் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். என் தனுஷ்கோடியில் ஒரு கடைகூட இல்லை. முதல் பக்கத்திலிருந்தே எல்லாரும் புயலுக்காகக் காத்திருக்கிறார்கள். 120 பக்கம். மனசு உடைந்துபோனது.

போன மாதம் ராமேஸ்வரத்தில், அந்தப் புயலில் தப்பிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். அப்போது அவருக்குப் பத்து வயதாம். நோட்டைத் திறக்காமல், "சாயங்காலம் எங்கேம்மா விளையாடுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எல்லாரும் அந்த ராத்திரியத்தான் கேப்பாக தம்பி. இத யாருமே கேட்டதில்ல."

அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். போட் மெயில் ரயில் வரும் நேரத்துப் பரபரப்பு, இலங்கையின் தலைமன்னாருக்குக் கிளம்பும் கப்பலுக்குப் போகிறவர்களின் டிரங்குப் பெட்டிகள், ஸ்டேஷன் பக்கம் கடலைமிட்டாய் விற்ற கடை, காசில்லாமல் போனால் காதைத் திருகிவிட்டு ஒரு துண்டு கொடுக்கும் கடைக்காரர்.

அந்தக் கடைக்காரர் இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறார். அவர் கடையில் நிற்கப்போகும் பயணிகளுக்காகச் சிலோன் போய்வந்தவர்களின் பழைய கடிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கப்பலில் போயிருந்தால், வழியில் என்ன கட்டிக்கொண்டு போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை கேட்டு எழுதுங்கள்.