வி.ஆர்., ஐ.எஸ்., வி.சி. எல்லாவற்றுக்கும் ‘ஆட்டந்தாங்கி’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கேமராச் சொற்களைத் தமிழில் எழுதுவது பற்றி நம் குழுவில் தம்பி ஒருவர் தொடங்கிய பேச்சை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பாதிப்பேர் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட வேண்டும் என்கிறீர்கள். மீதிப்பேர் கடைக்காரருக்குப் புரியாத சொல் எதற்கு என்கிறீர்கள். நான் இருபது வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். பேச்சு பொதுவாகவே போய்க்கொண்டிருப்பதால் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கை ஆடினாலும் படம் ஆடாமல் காக்கிற வசதிக்கான சொல். நிக்கான் அதை வி.ஆர். என்கிறது, கேனான் ஐ.எஸ். என்கிறது, டாம்ரான் வி.சி. என்கிறது. அந்தச் சொல் இல்லாததால் ஒரு நல்ல படம் என் கையை விட்டுப் போனது.

திண்டுக்கல் பக்கம் ஒரு மண்டபம், விடிகாலை முகூர்த்தம். முதல் நாள் மாலை வரவேற்பிலேயே தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கும் என் 70-200 லென்ஸின் ஆட்டோஃபோகஸ் படுத்துவிட்டது. பையில் பழைய 80-200 ஒன்று இருந்தது, ஆனால் அதில் வி.ஆர். கிடையாது. உதவிக்கு வந்திருந்த பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, “டவுன்ல வாடகைக் கடையில நிக்கானுக்கு 70-200 வி.ஆர். இருந்தா வாங்கிட்டு வாடா” என்று அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றான். “வி.ஆர். இல்லையாம்ணே. வி.சி.ன்னு ஏதோ ஒண்ணு இருக்குன்னாரு. நீங்க சொன்னது அது இல்லையேன்னு வந்துட்டேன்.”

அவன் மேல் தப்பே இல்லை. நான் சொன்னது நிக்கான் வைத்த பெயர். கடையில் இருந்தது டாம்ரான் செய்த, நிக்கானில் பொருந்துகிற லென்ஸ். இரண்டிலும் உள்ளே இருக்கிற வசதி ஒன்றேதான். அந்த வசதிக்கு எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு சொல் இருந்திருந்தால், அதைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்திருப்பான்.

மறுநாள் தாலி கட்டும்போது பெண்ணின் பாட்டி மேடைக்கு ஏற முடியாமல் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் கையிலிருந்த அட்சதையைத் தூவாமல் அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் மேடைப் பக்கமிருந்து லென்ஸை 200 மி.மீ. வரை இழுத்து, ஷட்டரை 1/50 நொடி திறந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், மூக்குத்தியின் மினுக்கு புள்ளியாக இல்லாமல் சாய்ந்த ஒரு சிறு கோடாக இருந்தது. பின்னால் சுவரில் எரிந்த சீரியல் விளக்குகளும் அதே சாய்வில், அதே நீளத்தில் கோடுகள். பாட்டி அசைந்திருந்தால் மூக்குத்தி மட்டும் இழுபட்டிருக்கும், விளக்கு புள்ளியாகவே இருந்திருக்கும். எல்லாமே ஒன்றுபோல இழுபட்டிருப்பதால் ஆடியது என் கைதான். சொல்லை யோசிக்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம். திரும்ப வருகிறேன்.

முதலில் பெயர்கள். நிக்கானுக்கு வி.ஆர்., கேனானுக்கு ஐ.எஸ்., சோனிக்கு ஓ.எஸ்.எஸ்., டாம்ரானுக்கு வி.சி., சிக்மாவுக்கு ஓ.எஸ்., ஃபியூஜிஃபிலிமுக்கும் பானசோனிக்குக்கும் ஓ.ஐ.எஸ்., பென்டாக்ஸுக்கு எஸ்.ஆர். ஒரே வேலைக்கு இத்தனை எழுத்துக் கூட்டம். யார் எந்தக் கேமரா வாங்கினாரோ அந்தக் கம்பெனியின் எழுத்தையே பொதுப்பெயர் போலச் சொல்லப் பழகிவிடுகிறார். நிக்கான்காரரும் சோனிக்காரரும் ஒரே மேடையில் நின்று பேசினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு வேறு ஏதோ பொருள் போலக் கேட்கிறது.

இங்கேதான் தமிழ்ச்சொல்லுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். மாடல் பெயர்களில் அதற்கு வேலை இல்லை. ‘டி.வி.எஸ். 50’ஐ யாரும் மொழிபெயர்க்கவில்லை, அதன் சக்கரத்தைச் சக்கரம் என்றுதான் சொல்கிறோம். மாடல் பெயர் கம்பெனி இடுகிற பெயர், அதை அவர்களே ஊருக்கு ஒன்றாக மாற்றுகிறார்கள். நம் ஊரில் கேனான் 1500டி என்று விற்பதுதான் ஐரோப்பாவில் 2000டி, அமெரிக்காவில் ரெபல் டி7, ஜப்பானில் கிஸ் எக்ஸ்90. இங்கே 1500டி வாங்கிய கல்லூரிப் பிள்ளைகள் ‘டி7’ பற்றிய காணொளியைத் தங்கள் கேமராவுக்கு உதவாது என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவை மொழிபெயர்ப்பு இல்லை, ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று அடைப்பில் ஒரு வரி. எனவே மாடல் பெயரைக் கடையில் சொல்கிற ஒலியிலேயே எழுதுவோம், எண்ணை எண்ணாகவே விடுவோம்.

லென்ஸ் பெயர் கொஞ்சம் வேறு மாதிரி. ‘ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் நிக்கோர் 18-55 மி.மீ. எஃப்/3.5-5.6 ஜி வி.ஆர். 2’ என்ற ஒரே பெயரில் நிக்கோர் மட்டும்தான் உண்மையான பெயர். மற்றதெல்லாம் செய்தி. 18-55 குவியத் தூரம், பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிற சொல். டிஎக்ஸ் என்றால் சிறிய சென்சாருக்கு (ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடு) உரியது, ஜி என்றால் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்ற லென்ஸ் மேல் வளையம் இல்லை. பெட்டியில் இருக்கிற பெயரை அப்படியே எழுதிவிட்டு, அதற்குள் இருக்கும் செய்தியைத் தமிழில் சொன்னால் போதும். அப்படிச் சொல்ல வரும்போது வி.ஆர். என்ற இடத்தில்தான் நமக்கு வாய் நின்றுவிடுகிறது.

சரி, அது என்ன செய்கிறது? லென்ஸுக்குள் ஜைரோ சென்சார்கள் இருக்கின்றன. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அவை அளந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்குப்படி உள்ளே மிதப்பது போல அமைந்த ஒரு கண்ணாடித் தொகுதியை மின்காந்தங்கள் எதிர்த்திசையில் நகர்த்தும். கேமரா ஆடினாலும் சென்சார் மேல் விழும் உரு அதே இடத்தில் நிற்கும். பொத்தானைப் பாதி அழுத்திக் காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வ்யூஃபைண்டரில் தத்தளித்துக்கொண்டிருந்த காட்சி, யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தது போலச் சட்டென்று அமரும். முதல் முறை பார்க்கிறவர்கள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

கழற்றி மாட்டும் கேமரா லென்ஸில் இதை முதலில் கொண்டுவந்தது 1995இல் கேனானின் 75-300. 2003இல் மினோல்டா, லென்ஸை விட்டுவிட்டுக் கேமராவின் சென்சாரையே நகர்த்தியது. இன்று பல கேமராக்களில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இப்போது இதுவரை வந்த சொற்கள். ‘பட நிலைப்படுத்தி’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார், பலரும் ஏற்றுக்கொண்டீர்கள். எனக்கு இரண்டு தயக்கம். வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசருக்கும் அதே சொல்தான் எழுதுகிறோம் என்பது சின்னத் தயக்கம். இன்னொன்று பெரியது. ‘படம் நிலைக்கும்’ என்று கேட்கிறவர், ஓடுகிற குழந்தையும் இதனால் நிலையாக விழும் என்று நம்பிவிடுகிறார். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. இந்த வசதி கை ஆடுவதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மூக்குத்தியும் விளக்கும் சேர்ந்து இழுபட்டதே, அந்தக் கோளாறுக்குத்தான் இது மருந்து. ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், இது உதவாது. ஆகவே ஆடுவது எது என்பது சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

‘அதிர்வுக் குறைப்பு’ நிக்கானின் பெயரை அப்படியே தமிழாக்கியது. மோட்டார் அதிரும், பறை அடித்தால் தரை அதிரும். கை அதிர்ந்தது என்று நாம் சொல்வதில்லையே. ‘நடுக்கம்’ பொருந்துகிறது, நிலநடுக்கம் என்ற நல்ல முன்னோடியும் உண்டு. ஆனால் கை நடுக்கம் என்றதும் வயதும் நோயும் நினைவுக்கு வருகின்றன. தொழிலில் இருப்பவர்கள் வாயில் வருவது வேறு: “கை ஆடிருச்சுண்ணே”, “படம் ஆடியிருக்கு பாருங்க.” ஆட்டம் என்ற சொல் நம் கையில் தயாராகவே இருக்கிறது.

அடுத்து, அந்த ஆட்டத்தை இது என்ன செய்கிறது? அடக்குகிறதா, தணிக்கிறதா, குறைக்கிறதா? மூன்றும் இல்லை. கை அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தை உள்ளே இருக்கும் கண்ணாடி தன்மேல் வாங்கிக்கொள்கிறது, படத்துக்குப் போக விடுவதில்லை. இதை யோசித்துக்கொண்டு மண்டபத்து மொட்டை மாடியில் நின்றபோது பக்கத்துக் கோயில் கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கி கண்ணில் பட்டது. இடியை அது நிறுத்துவதில்லை, தான் வாங்கிக்கொண்டு கோபுரத்தைக் காக்கிறது. வழியோரச் சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான், சுமை குறையாது, தோள் மாறும். அதே முறையில் ஆட்டம் + தாங்கி, ஆட்டந்தாங்கி.

புணர்ச்சி சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழாசிரியர்கள் பார்த்துச் சொல்லுங்கள். சொன்ன மாத்திரத்தில் வேலை விளங்குகிறது. மேளச் சத்தத்துக்கு நடுவில் ஃபோனில் கத்திச் சொன்னாலும் தெளிவாகக் கேட்கும், நான் சோதித்துப் பார்த்தேன். கேமராவுக்குள் இருப்பதைப் ‘பாடி ஆட்டந்தாங்கி’ என்றும், லென்ஸில் இருப்பதை ‘லென்ஸ் ஆட்டந்தாங்கி’ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் தனி மடலில் ஒரு மறுப்பு எழுதினார். அங்கே தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி, போரில் வருகிற டாங்கியும் அதுவே என்று. நியாயம்தான். ஆனால் அங்கேயும் இடிதாங்கியைத் தொட்டி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைக் கட்டிவிடுகிறது. ‘தாங்கி’ என்று மட்டும் சுருக்காமல் இருந்தால் போதும். சுருக்கினால் இங்கேயும் ஸ்டாண்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதை அளக்கிற அலகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸ் 4 ஸ்டாப் தாங்கும், அது 5 ஸ்டாப் தாங்கும் என்று பெட்டியில் எழுதுகிறார்கள். ஒளியை ஒருமுறை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டாப். ஸ்டாப்புக்கு ‘நிறுத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸில் செருகி ஒளியைத் தடுத்துக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தடுப்பது என்ற பொருளில் வந்த சொல் அப்புறம் அளவின் பெயராகிவிட்டது. நமக்கு அந்தத் தகடும் இல்லை, அந்த வரலாறும் இல்லை. நிறுத்தம் என்றால் பேருந்துதான் வரும்.

நாம் ஏற்கெனவே “ரெண்டு ஸ்டாப் இறக்கு”, “ஒரு ஸ்டாப் ஏத்து” என்றுதான் பேசுகிறோம். ஏற்றுவதும் இறக்குவதும் எதற்கு உரிய வினை? படிக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒளி இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும். 2.8, 4, 5.6, 8 என்று துளை எண் ஒவ்வொன்றாக ஏற ஒளி பாதி பாதியாகக் குறைகிறது. படி என்ற சொல்லில் நம் பாட்டிமார் அரிசி அளந்த கணக்கும் இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டித்து இரட்டித்து ஏறும் அளவை நம் சமையலறையில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது. கேமரா கற்றுக்கொள்ள வந்த ஓர் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, அரை மணி நேரம் விளங்காத துளைக் கணக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கியது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு நான் ஸ்டாப் என்று சொல்வதை விட்டுவிட்டேன். பஞ்சப்படி, பயணப்படி, அதன்படி என்று வேறு படிகளும் இருக்கின்றனவே என்பீர்கள். “ரெண்டு படி இறக்கு” என்று கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்குப் பஞ்சப்படி நினைவுக்கு வராது.

இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம். ‘200 மி.மீ.இல் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/200 நொடி வேண்டும் என்பது பழைய கணக்கு. 4 படி ஆட்டந்தாங்கி இருந்தால் ஏறக்குறைய 1/13 வரை இறங்கலாம்.’ படித்தால் தடுக்கவில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு படிக்கு ஒருமுறை இரட்டிக்கும், அதுதான் கணக்கு. அந்தப் பாட்டியை நான் எடுத்தது 1/50, இரண்டே படி கீழே. ஆட்டந்தாங்கி உள்ள எந்த லென்ஸும் அதை எளிதாகத் தாங்கியிருக்கும். 2020இல் வந்த கேனான் ஆர்5 சில லென்ஸ்களோடு சேர்ந்தால் 8 படி வரை தாங்கும் என்கிறார்கள். கணக்குப்படி 1/200 ஒரு நொடிக்கும் மேலாக நீளும். கை ஆளுக்கு ஆள் வேறு, அதனால் பெட்டியில் இருக்கும் எண்ணிலிருந்து இரண்டு படி கழித்துக்கொள்ளச் சொல்லித்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன்.

என் லென்ஸ் பைகளில் வெள்ளை டேப் ஒட்டி எழுதிவைத்துவிட்டேன்: ‘70-200, ஆட்டந்தாங்கி உண்டு’, ‘80-200, இல்லை’, ‘50, இல்லை’. அந்தப் பையன் இப்போது கடைக்குப் போனால் “ஆட்டந்தாங்கி இருக்கிற 70-200 எதுவா இருந்தாலும் குடுங்க” என்கிறான். கடைக்காரர் முதல் முறை என்னவென்று கேட்டாராம். இவன் கையை ஆட்டிக் காட்டியிருக்கிறான். இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் விடுகிறேன். செல்பேசிக் காணொளியில் வருகிற மின்னணு முறை இருக்கிறதே, அதில் எதுவும் நகர்வதில்லை. படத்தின் ஓரத்தை வெட்டி, ஒவ்வொரு ஃபிரேமையும் தள்ளித் தள்ளி வைத்து ஆடாதது போலக் காட்டுகிறார்கள். ஒற்றைப் படத்தில் விழுந்த மூக்குத்திக் கோட்டை அதனால் புள்ளியாக்க முடியாது. ஆட்டத்தை எதுவும் தாங்காததால் அதற்கு இந்தப் பெயர் கூடாது என்பது என் எண்ணம். ‘ஆட்டநீக்கம்’ என்று தனியாக வைக்கலாமா? காணொளி எடிட் செய்கிற நண்பர்கள் யாராவது எழுதுங்கள்.