செல் எடை குறைகிறது: 38.3 சோதனை செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். லித்தியம் அயான் பேட்டரி செல்களை அனுப்புவதற்கு முன் செய்யும் ஐ.நா. 38.3 பாதுகாப்புச் சோதனையில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

உருளை வடிவ 18650 (இது அளவைக் குறிக்கும் எண்) செல், எடை சுமார் 46 கிராம். குறைந்த அழுத்தச் சோதனையில் (11.6 கிலோபாஸ்கல், 6 மணி நேரம்) சிக்கல் இல்லை. அடுத்து 72 டிகிரிக்கும் மைனஸ் 40 டிகிரிக்கும் இடையே 10 சுற்று வெப்பச் சோதனை. முடிந்ததும் ஒரு செல்லில் 110 மில்லிகிராம் குறைவு! இந்த எடையுள்ள செல்லுக்கு அனுமதிக்கப்பட்ட எடைக் குறைவு 0.2 சதவீதம், அதாவது 92 மில்லிகிராம்தான். மின்னழுத்தம் அப்படியே இருக்கிறது, கசிவும் கண்ணில் படவில்லை.

மேலுறையின் ஈரப்பதம் போயிருக்குமோ என்று சந்தேகம் (தராசையும் முழுசாக நம்பவில்லை). எடை போடுமுன் செல்லை எவ்வளவு நேரம் ஆறவிடுகிறீர்கள்? உறையோடு எடை போடுவீர்களா? அதே செல்கள்தான் அதிர்வு, அதிர்ச்சி, ஷார்ட் சர்க்யூட் என வரிசையாகப் போக வேண்டும், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.