பிலேக்குப் பின்னால் பிலே: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

சாக்குப்பை:
போன மாதம் ராமநகரத்தில் பாறை ஏறப் போனபோது நடந்தது. எட்டுப் பேர் போயிருந்தோம், அதில் ஐந்து பேருக்கு அன்றுதான் முதல் தடவை. டாப் ரோப், அதாவது கயிறு மேலே மாட்டியிருக்கும். சரிவான ஸ்லாப், 15 மீட்டர்தான் இருக்கும். நல்ல ஷூ போட்டால் பாதி தூரம் கையை வீசிக்கொண்டே நடந்துவிடலாம்.

கூட்டிப்போன அண்ணன் பாதுகாப்பு விஷயத்தில் படு கறார். கிரிகிரியில் (கயிற்றை இறுக்கிப் பிடிக்க உதவுகிற கருவி) ஒருவர் பிலே, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே நின்று பிடிக்கிற வேலை. சரி. அவருக்குப் பின்னால், கருவியிலிருந்து வெளியே வருகிற பிரேக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பேக்கப். புது ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் சரி. அந்தப் பேக்கப்புக்கு ஒரு பேக்கப். அப்புறம், நான் விழுந்தால் பிலேயர் மேலே தூக்கப்பட்டுவிடுவாராம், அவரை ஒரு புங்கமரத்தோடு ஸ்லிங் போட்டுக் கட்டினார். பிலேயர் 92 கிலோ. நான் 61. கட்டி முடித்து மரத்தை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். மரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை போல, அதை இன்னொரு கயிறு எடுத்துப் பின்னாலிருந்த பாறையோடு கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் தேர்வடம் பிடித்து நிற்கிற மாதிரி இருந்திருக்கும். தேர் நான்.

"மரத்துக்கு ஹெல்மெட் கிடையாதா அண்ணா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பாறையில் கை வைத்து ஒரு காலையும் தூக்கிவிட்டேன். ஓரமாக உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்த பையன், அன்று காலையில்தான் எட்டு முடிச்சு போடக் கற்றவன், "அண்ணா, உங்க முடிச்சு மட்டும் ஏன் எங்களோடது மாதிரி இல்ல?" என்றான்.

குனிந்து பார்த்தேன். முதல் எட்டு மட்டும் இருந்தது. நுனி இடுப்பு ஹார்னெஸுக்குள் நுழைந்து வெளியே வந்து, திரும்பி முடிச்சுக்குள் போகாமல், தொடை மேல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக ஏறுகிறேன் நான். அந்த மூன்று பேர், மரம், பாறை எல்லாம் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு வெறுங்கயிற்றை. இப்போதெல்லாம் ராத்திரி படுத்தால்கூடக் கை இடுப்புக்குப் போகிறது.

விரலில்_டேப்:
ஐயோ! என்னுடையது இவ்வளவு பயங்கரமில்லை, ஆனால் மானம் போன கதை.

சென்னையில் ஒரு இன்டோர் வால். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் போகிறேன். எட்டு முடிச்சுக்கு மேலே, நுனி நழுவாமல் இருக்க ஒரு ஸ்டாப்பர் முடிச்சு கட்டாயம். என்னோடு வருகிற அக்கா, ஒன்று நல்லது என்றால் ஐந்து எவ்வளவு நல்லது என்று யோசிக்கிற ரகம். "நுனி மிச்சமிருக்குடி" என்று சொல்லிச் சொல்லி, ஜடை பின்னுவது போல வரிசையாக ஐந்து ஸ்டாப்பர் போட்டுவிட்டார். நான் வெளியே சாய்ந்திருக்கிற ஒரு ஓவர்ஹாங்கில் நாலு தடவை விழுந்தேன். முடிச்சு முழுக்க வியர்வை. அதற்கு முன்னால் இரண்டு இளநீர் குடித்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கீழே வந்து அவிழ்க்கப் பார்த்தால் எட்டு கல்லாகிவிட்டது. அதைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து ஸ்டாப்பரைத் தாண்ட வேண்டும். அக்கா பல்லால் இழுக்கிறார். வால்காரர் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவருகிறார். வரிசையில் நிற்கிற நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நான் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்தில் அக்கா நிமிர்ந்து, முகமெல்லாம் பெருமையாக, "பாத்தியா, எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு!" என்றார்.

கிலோநியூட்டன்:
சிரிப்புக்கு எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் இதைப் படிக்கிற புதியவர்கள் பேக்கப் பிலேயரே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. என் அனுபவம்: ஒரு பயிற்சியில் பிலேயர் ஒரு தேனீயைப் பார்த்து இரண்டு கையையும் விட்டுவிட்டார். கருவி ஏடிசி, கையை விட்டால் அதுவாகப் பிடிக்காது. பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தது நான். அவ்வளவுதான் கதை.

இனி விஷயத்துக்கு வருவோம். காரபினர் (கயிறு மாட்டுகிற உலோகக் கொக்கி) நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு டன். ஹார்னெஸின் முன்பக்க வளையமான பிலே லூப் 15. சாக்குப்பை சார் தன் 61 கிலோவோடு கயிற்றில் உட்கார்ந்தால் வருவது 0.6. ஆகவே நல்ல நிலையில் இருக்கிற காரபினருக்குத் துணையாக இன்னொரு காரபினர் மாட்டுவதெல்லாம் மன ஆறுதலுக்குத்தான். தவறுவது பெரும்பாலும் மனிதர்கள். அதனால்தான் ஆளுக்கு ஆள் பேக்கப் என்கிறேன்.

1991இல் கிரிகிரி வந்ததிலிருந்து "அதுவே பிடித்துக்கொள்ளும்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. பிரேக் கயிற்றிலிருந்து கையை எடுக்காதே என்று அதன் கையேடே சொல்கிறது, படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவின் பாறை ஏறும் வீராங்கனை லின் ஹில் கதை தெரிந்திருக்கும். 1989, பிரான்சில் பியூ பாறை. முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஷூ போடப் போனார், அப்புறம் மறந்துவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் பிழைத்தார். நாலு வருஷம் கழித்து யோசெமிட்டியின் எல் காபிடன் பாறையில் நோஸ் என்ற வழியை ஃப்ரீயாக (கருவியைப் பிடித்து ஏறாமல், கை காலாலேயே) ஏறியதும் அவரேதான். இன்னொரு அமெரிக்க வீரர் டாட் ஸ்கின்னருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2006, யோசெமிட்டியில் கயிற்றில் இறங்கும்போது தேய்ந்துபோன பிலே லூப் அறுந்தது. தேய்ந்திருப்பது அவருக்கும் தெரியும், புது ஹார்னெஸுக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு நம் ஆட்களில் பலர் பிலே லூப்போடு கூட ஒரு ஸ்லிங்கையும் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பழைய ஹார்னெஸைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரவில்லை.

விரலில்_டேப் அவர்களுக்கு: எட்டைப் பிசகில்லாமல் போட்டு இறுக்கி, ஒரு சாண் நுனி விட்டால் போதும். பல ஹார்னெஸில் பின்பக்க எலாஸ்டிக்கைக் கழற்றலாம், இடுப்பு பெல்ட்டையும் முடிச்சையும் தொடாமலே கழிவறைக்குப் போய்வரலாம். கயிற்றில் கொஞ்சம் ஸ்லாக் (தளர்வு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூணாவது_ஆள்:
கிலோநியூட்டன் சார், ஆளுக்கு ஆள் பேக்கப் என்கிறீர்களே, அந்தக் கடைசி ஆளாக நின்றவன் நான்.

பாதாமி. லீட், அதாவது ஏறுகிறவரே வழியிலுள்ள போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவது. ஏறியது எங்கள் சீனியர். கீழே பிலேயர், அவருக்குப் பின்னால் ஒருவர், கடைசியில் நான். எனக்குக் கொடுத்த உத்தரவு ஒன்றே ஒன்று: "என்ன ஆனாலும் கயிறு நகரக் கூடாது." மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து என் பையின் ஜிப்பைத் திறந்தது. அவசரமே இல்லாமல். முதலில் பிஸ்கட்டை எடுத்தது, அப்புறம் வாழைப்பழம். நாங்கள் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றோம். யாருக்கும் கை காலி இல்லை.

சீனியர் நாலாவது போல்ட்டுக்கு வந்துவிட்டார். கிளிப் பண்ணக் கயிற்றை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுக்கிறார். பிலேயர் ஸ்லாக் கொடுக்கப் பார்க்கிறார். கயிறு நகர்கிறதே! விழுந்துவிட்டார் என்று நினைத்து நடு ஆள் இறுக்கினார். அவர் இறுக்கியதைப் பார்த்து நானும் இறுக்கி, ரெண்டடி பின்னால் வேறு போனேன். மேலிருந்து "ஸ்லா..." என்று மட்டும் கேட்டது. வாயில் கயிறு இருந்தால் மிச்சம் எப்படி வரும்?

மூன்று மீட்டர் விழுந்தார். தரை இன்னும் தூரத்தில்தான் இருந்தது, அடி ஒன்றும் இல்லை. கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில், "பிடிச்சிட்டோம்ணா!" என்று கத்தினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் வாட்ஸாப்பில் எனக்குக் குட்மார்னிங் அனுப்புகிறார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கிலோநியூட்டன்:
அது பேக்கப்பின் தவறு இல்லை, பயிற்சியின் தவறு. லீடில் பின்னால் நிற்பவர் கயிற்றைத் தளர்வாகக் கையில் ஓடவிட வேண்டும், பிலேயர் கைவிட்டால் மட்டும்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் எதற்கு என்று எனக்கும் புரியவில்லை.

மூணாவது_ஆள்:
எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை சார்.

சாக்குப்பை:
கிலோநியூட்டன் சார், பேக்கப் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? முதல் பேக்கப்புக்கு "அதுவும் சரி" என்றுதானே எழுதியிருக்கிறேன். என் பிரச்சினை அந்த மரம். கட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் நான் என் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். லின் ஹில்லுக்கு ஷூ, எனக்குப் புங்கமரம். மற்றபடி அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விரலில்_டேப்:
எலாஸ்டிக் விஷயத்துக்கு நன்றி கிலோநியூட்டன் சார். ஆனால் கயிறு இடுப்பில் இருக்க, அக்கா மறுமுனையில் கிரிகிரியோடு கழிவறைக் கதவு வரை பிலே கொடுத்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன். இளநீரை விட்டுவிடுகிறேன்.

சாக்குப்பை, அந்தப் பையன் திரும்ப வந்தானா?

சாக்குப்பை:
போன வாரமும் வந்தான். இப்போது யார் ஏறினாலும் முதலில் அவனிடம் போய் இடுப்பைக் காட்ட வேண்டும். அண்ணனும் காட்டுகிறார். கடலைமிட்டாய் செலவு நம்முடையது.

இன்னொன்று. இந்த வாரம் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அன்று எல்லாவற்றையும் அவிழ்த்தோம், மரத்தைப் பாறையோடு கட்டினதை மட்டும் மறந்துவிட்டு வந்திருக்கிறோம். நீலக் கயிறு, ஆறு மீட்டர் இருக்கும். போன வாரம் வேறு குன்றுக்குப் போனதால் எடுக்க முடியவில்லை. முடிச்சு அண்ணன் போட்டது, கத்தி எடுத்துக்கொண்டு போங்கள்.