ஆகஸ்டில் கிரீஸின் சைக்ளேட்ஸ் தீவுகளுக்கு, ஸ்கிப்பர் (சம்பளத்துக்குப் படகோட்டும் கேப்டன்) இல்லாமல் போகலாமா?

கரைவாசி:
மூன்று ஜோடிகள், ஒரு வாரம், 42 அடிப் பாய்மரப் படகு. ஏதென்ஸ் பக்கம் லாவ்ரியோவில் எடுத்து கியா, கித்னோஸ், சிரோஸ், பாரோஸ் சுற்றிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். என்னிடம் ஐசிசி இருக்கிறது (கிரிக்கெட் இல்லை சாமி, படகு ஓட்டும் சான்றிதழ்). ஆனாலும் ஏஜென்ட் ஸ்கிப்பர் வையுங்கள் என்று நச்சரிக்கிறார். நாளுக்கு 200 யூரோ, சாப்பாடும் நம் செலவு. தேவையா?

உப்புக்காற்று:
தண்டச் செலவு. நாமே ஓட்டத்தானே போகிறோம், முன்பின் தெரியாத ஒருவர் நாலாவது கேபினைப் பிடித்துக்கொண்டு ஏழு நாளும் கூடவே இருந்தால் அது என்ன விடுமுறை? கிரீஸில் ஒருவருக்கு லைசென்ஸ் வேண்டும், கூடவே படகு அனுபவம் உள்ள இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஈஜினா, போரோஸ், ஹைட்ரா என்று மூன்று தடவை போய்விட்டோம், ஒரு கீறல் இல்லை.

பழையநங்கூரம்:
அண்ணே, நீங்கள் போனது ஏதென்ஸை ஒட்டி அடக்கமாக இருக்கும் சரோனிக் வளைகுடா. அவர் கேட்பது சைக்ளேட்ஸ், அதுவும் ஆகஸ்டில். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தக் கடலுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். மெல்டெமி என்கிற கோடைக்காற்று வடக்கிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும், காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6, 7 எல்லாம் சாதாரணம், ஆனால் வானத்தைப் பார்த்தால் பொட்டு மேகம் இருக்காது. பாரோஸுக்குப் போகும்போது காற்று முதுகில், ஒரே ஜாலி. திரும்பும்போது வடமேற்கே வர வேண்டும், அத்தனையும் முகத்தில். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், சனிக்கிழமை ஒப்படைப்பு என்றாலும் பெரும்பாலும் வெள்ளி மாலையே படகு தளத்தில் நிற்க வேண்டும் என்றிருக்கும்.

உப்புக்காற்று:
சும்மா பயமுறுத்தாதீர்கள். காற்று கூடினால் பாயைக் குறைத்துக் கட்டுங்கள். இல்லையா, ஒரு நாள் துறைமுகத்தில் உட்கார்ந்து ஆக்டோபஸ் சாப்பிடுங்கள்.

பழையநங்கூரம்:
ஒரு நாளா? நாங்கள் மூன்று நாள் சாப்பிட்டோம். நாலாம் நாள் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் பாதிப் பேர் வாளியும் கையுமாக.

ஈரத்துண்டு:
ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்களே, நிறுத்துவதுதான் தலைவலி. அங்கே பல துறைமுகங்களில் தூரத்திலேயே நங்கூரத்தை இறக்கி, பின்னாலேயே வந்து, பின்பக்கத்தைக் கரையில் கட்ட வேண்டும். முன்னால் நங்கூர ரிமோட்டோடு நின்றவள் நான். பக்கக் காற்று படகின் மூக்கைத் தள்ளிக்கொண்டே போகிறது, பின்னாலிருந்து என் கணவர் கத்துவது காதில் விழவில்லை, பதற்றத்தில் பக்கத்துப் படகின் சங்கிலி மேலேயே போட்டுவிட்டேன். காலையில் தூக்கினால் இரண்டும் சேர்ந்து வருகிறது. அந்தச் சங்கிலிக்கு ஒரு கயிற்றைக் கோத்துப் பிடித்து, எங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கிக் கழற்றி விட்டவர், நாங்கள் வைத்திருந்த ஸ்கிப்பர்தான். அதுவரை நானும் தண்டச் செலவு என்றுதான் முணுமுணுத்தேன். (டாய்லெட்டில் பேப்பர் போடக்கூடாது என்று முதல் நாளே சொன்னதும் அவர்தான், அடைத்துக்கொண்டால் டெபாசிட்டில் பிடிப்பார்களாம்.)

உப்புக்காற்று:
அந்தக் கயிறு வித்தையை முதல் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாமே, ஏழு நாளும் எதற்கு? இரண்டு நாளுக்கு மட்டும் வைத்துவிட்டு கித்னோஸில் இறக்கி விடுங்கள்.

பழையநங்கூரம்:
அவர் ஊர் திரும்ப ஃபெரி டிக்கெட்டும் கரைவாசி தலையில்தான். தவிர, திரும்பி வரும் நாளில்தானே ஆள் வேண்டும்? அதைவிட கிரீஸின் மேற்கே அயோனியன் கடல் பக்கம் போகலாம். லெஃப்கடாவில் எடுத்தால் மெகனிசி, இத்தாக்கா, ஃபிஸ்கார்டோ எல்லாம் அரை நாள் தூரத்துக்குள். அங்கே பொதுவாக மதியத்துக்கு மேல்தான் காற்று கிளம்பும், இருட்டினால் அடங்கிவிடும்.

உப்புக்காற்று:
அது குளம்!

கரைவாசி:
குளமே போதும் அண்ணே, என் மனைவிக்கு ஃபெரியிலேயே தலை சுற்றும். லெஃப்கடாவில் படகு கேட்டு எழுதிவிட்டேன். முதல் இரண்டு நாளுக்கு ஸ்கிப்பரோடு.